ரசமட்டம்

"போனை முதல்ல உள்ளே வை! ஊர்க் கண்ணெல்லாம் நம்ம கம்பெனி மேல படணுமா?"

கான்ட்ராக்டரின் மைத்துனர் போட்ட சத்தத்தில் கான்ட்ராக்டரின் மகள் மிரண்டு போனாள். பூச்சு வேலை நடக்கும் மாடிப்படியைப் படம் எடுக்கப் போனவள், போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"மாமா, இந்த வீடு முடிஞ்சா அடுத்த வேலை இல்ல. கம்பெனியையே மூடிடலாமான்னு அப்பா யோசிக்கிறார். நாலு படம் போட்டா நாலு பேர் வருவாங்க இல்ல?"

"வருவான், வருவான்! எங்கே விரிசல்னு தேடிக்கிட்டு வருவான். கம்பி கட்டுறதைப் போட்டா, வீட்டுல சும்மா கிடக்கிறவன்லாம் இன்ஜினியர் ஆயிடுவான். என்ன அத்தான், நான் சொல்றது?"

கான்ட்ராக்டர் கொத்தனாராக இருந்து கம்பெனி வைத்தவர். போனில் பேசத் தெரியும், அவ்வளவுதான். மனைவியின் தம்பி வாயைத் திறந்தால் அவருக்கு அது வேதவாக்கு.

"உன் மாமன் நம்ம நல்லதுக்குத்தாம்மா சொல்வான்" என்றபடி கரண்டியை எடுத்தார். முக்கியமான இடத்தை இன்றும் அவர்தான் பூசுவார்.

"அப்படியே மெதுவா பூசுங்க அத்தான். சுவர் மட்டமா இருக்கான்னு ரசமட்டம் பார்க்கிறேன்." மைத்துனர் தன் போனை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு எட்ட நின்றார்.

"ரசமட்டத்தைச் சுவத்துல வச்சுதானே மாமா பார்ப்பாங்க?"

"இது புதுசு. தள்ளி நின்னாலே காட்டும். உன் காலேஜ்ல இதெல்லாம் எங்கே சொல்லித் தந்தான்!"

கான்ட்ராக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மச்சான் கெட்டிக்காரன் என்று பெருமை வேறு.

அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய கணவனும் மனைவியும் நேரே மாடிப்படிக்கே வந்துவிட்டார்கள்.

"இதேதாங்க! நாம கட்டப்போற வீட்டுக்கும் இந்தப் படிதான் வேணும்!" அந்தப் பெண் குதிக்காத குறைதான்.

'பார்த்தியா, படம் போடாமலே வந்துட்டாங்க' என்பதுபோல் கான்ட்ராக்டர் மகளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "வாங்க, வாங்க! யார் சொல்லி வந்தீங்க?"

"யாரும் சொல்லல. தினமும் வீடியோ பார்க்கிறோமே!"

அவள் நீட்டிய போனில் அவர் கட்டிய வீடுகள் ஒவ்வொன்றாக ஓடின. எல்லாவற்றிலும் அவர்தான் பூசிக்கொண்டிருந்தார். முதலில் முகம் காட்டிவிட்டு விளக்கம் சொன்னவர் மைத்துனர்.

"இதுதான் உங்க ரசமட்டமா மாமா? என்னை மட்டும் திட்டினீங்களே!" மகளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மைத்துனர் தலையைக் குனிந்துகொண்டார்.

"விடும்மா. கம்பெனியைக் காப்பாத்த எனக்கே தெரியாம என்னவெல்லாம் பண்ணியிருக்கான் பாரு!" கான்ட்ராக்டரின் கண்கள் கலங்கின. கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்வானா!

அந்தப் பெண்ணின் கணவர் கான்ட்ராக்டரின் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"பூச்சு பிரமாதம் மேஸ்திரி. அதோ நிக்கிறாரே உங்க முதலாளி, அவரைக் கொஞ்சம் கூப்பிடுங்க."