மைக்கில் வரும் பேர்

"இன்னிக்கும் குப்பையைப் பிரிக்காம போட்ட வீடு, சுப்பராயன் வீடு! மறுபடியும் சொல்றேன், சுப்பராயன் வீடு!"

கோயில் மைக்கில் விமல்ராஜின் குரல் பிள்ளைச்சாவடி முழுக்கக் கேட்டது.

எங்கள் ஊரில் அந்த மைக்கில்தான் கடல் சீற்றம் சொல்வார்கள், ஊர்க்கூட்டம் சொல்வார்கள், சாவு சொல்வார்கள். இப்போது குப்பையும் சேர்ந்துகொண்டது. எல்லாம் விமல்ராஜ் யோசனை.

சும்மா சொல்லக் கூடாது. அவன் நாயாய் அலைந்துதான் ஊருக்குள் குப்பை வண்டி வந்தது. அதுவரை எல்லாக் குப்பையும் கடற்கரைக்குத்தான். வலையை இழுத்தால் மீனோடு டயப்பரும் வரும்.

"மக்குற குப்பை தனி, மக்காத குப்பை தனின்னு பிரிச்சுக் கொடுங்க. ஒரு வீடு தப்பினா பொறுத்துக்கலாம். ஊரே கலந்து போட்டா வண்டி நின்னுடும்" என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

ஊர் கூடி ஒத்துக்கொண்டது. பிரிக்காத வீட்டின் பேரை மைக்கில் சொல்வதென்று முடிவானது.

மைக்குக்குப் பயந்தே எல்லாரும் பிரித்தார்கள். எதிர் வீட்டுத் துர்கா பால் கவரைக்கூடக் கழுவிக் காயவைத்துப் போட்டாள்.

சுப்பராயன் மட்டும் திருந்தவில்லை. மனிதர் தனிக்கட்டை. பளபளவென்று வழுக்கைத் தலை, பால் போல வெள்ளை மீசை. ஒற்றை ஆள் இருக்கிற வீட்டிலிருந்து தினம் ஒரு மூட்டை!

"ஏன் மாமா, தினம் உங்க பேர் மைக்ல நாறுதே, வெக்கமா இல்ல?" என்று துர்கா கேட்டே விட்டாள்.

"எங்க அம்மா ஆசையா வெச்ச பேரு. மைக்ல கேக்க நல்லாத்தான் இருக்கு" என்று விரலில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்தபடி சிரித்தார்.

சிரிப்பு வேறு! எங்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இவரைப் பார்த்து மற்றவர்களும் கெட்டுவிடுவார்களோ என்று பயந்தோம். பயந்தது போலவே ஆச்சு. திங்கட்கிழமை காலையில் கோடி வீட்டு மண்ணாங்கட்டி அண்ணன், கலந்து கட்டின மூட்டையோடு வந்து நின்றார்.

"என்னண்ணே இது?" என்றான் விமல்ராஜ்.

"சுப்பராயனை என்னா செஞ்சுட்டீங்க? பேரைத்தானே சொன்னீங்க? என் பேரையும் சொல்லிக்கோ."

அவர் பின்னாலேயே இன்னும் நாலைந்து மூட்டைகள் வந்தன.

"இப்படியே போனா நாங்க வர மாட்டோம்ணே" என்றாள் குப்பை வண்டியில் வருகிற பூவிழி.

விமல்ராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. ஓடி ஓடிக் கொண்டுவந்த வண்டி ஆச்சே! நேரே சுப்பராயன் வீட்டுக்குப் போனான். ஊரே பின்னால் போனது.

"எல்லாம் உங்களால வந்தது மாமா. இன்னிக்கு உங்க மூட்டையை நடுத்தெருவுல கொட்டறேன். ஊரு பாக்கட்டும்."

முதல் தடவையாகச் சுப்பராயன் பதறினார்.

"வேணாம்டா விமலு! பேரை வேணா பத்து தடவ சொல்லிக்கோ. மூட்டையைத் தொடாத."

"இப்ப மட்டும் வெக்கமோ?"

இவன் இழுக்க, அவர் பிடிக்க, மூட்டை கிழிந்து எல்லாம் தெருவில் கொட்டியது. மீன் முள், டீத்தூள், ஷேவிங் பிளேடு, அதோடு பிரித்துப் போட்ட ஹேர் டை பாக்கெட்டுகள், கறுப்பு அப்பின பிரஷ்.

துர்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"மாமா, உங்களுக்கு எதுக்கு டை?"

சுப்பராயன் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

"ஏன், எனக்கு ஆசை இருக்கக் கூடாதா?"

கூட்டம் அவர் தலையைப் பார்த்தது. அப்புறம் மெதுவாகத் திரும்பி, நேற்றுதான் கருகருவென்று மாறியிருந்த விமல்ராஜின் தலையைப் பார்த்தது.

மீன் கூடையோடு மார்க்கெட்டுக்குக் கிளம்பிய கலைவாணி கூடையை இறக்கி வைத்தாள். விமல்ராஜின் பெண்டாட்டி.

"மாமாவை விடுய்யா. அது நம்ம வீட்டு மூட்டை."

"என்னடி சொல்ற?"

"எல்லாத்தையும் ஒரே கவர்ல திணிச்சுட்டு நீ பாட்டுக்கு வண்டி பின்னாடி ஓடிடுற. நான் விடியறதுக்குள்ள ஏலத்துக்கு ஓடறேன். யாரு பிரிக்கிறது? வாசல்ல கெடந்ததைப் பார்த்துட்டு மாமாதான் தினம் தூக்கிட்டுப் போனாரு. முதல்ல பிரிக்கத்தான் பார்த்தாரு. உன் பிளேடு அவர் விரலைக் கிழிச்சுட்டுது. உன்கிட்ட சொல்லாதன்னு என் வாயையும் அடைச்சுட்டாரு."

விமல்ராஜ் சுப்பராயனின் விரல் கட்டைப் பார்த்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மாமா?"

"சொன்னா நீ கூனிப்போயி மைக்கை வெச்சுட்டுப் போயிடுவ. மைக்ல சொல்றவன் வீட்டுலயே பிரிக்கலன்னு தெரிஞ்சா, ஊர்ல எவன்டா பிரிப்பான்? வண்டி நின்னுடும். என் பேர்தானே? நாறிட்டுப் போவட்டும்னு விட்டேன்."

விமல்ராஜ் தலையைக் குனிந்துகொண்டு விடுவிடுவென்று நடந்தான்.

"போச்சு, எல்லாம் போச்சு" என்று சுப்பராயன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "இனிமே அவன் மைக்கைத் தொட மாட்டான்."

கோயில் பக்கமிருந்து கரகரவென்று சத்தம் வந்தது.

"இத்தனை நாளாக் குப்பையைப் பிரிக்காம போட்ட வீடு, விமல்ராஜ் வீடு! மறுபடியும் சொல்றேன், விமல்ராஜ் வீடு!"

மண்ணாங்கட்டி யாரையும் பார்க்கவில்லை. நடுத்தெருவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் மூட்டையை அவிழ்த்துப் பிரிக்க ஆரம்பித்தார்.