சாயம் ஊறட்டும்

"பெத்த பொண்ணே துரோகம் பண்ணிட்டாளே!" என்று பார்லர் கண்ணாடியைப் பார்த்து முறையிட்டாள் கல்யாணப் பெண்ணின் அம்மா. தலை முழுக்கக் கறுப்புச் சாயம், அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தொப்பி. அவள் விட்ட பெருமூச்சில், சுவரில் தொங்கிய ஹேர் டிரையர் வேலையை ராஜினாமா செய்திருக்கும்.

மகள் செய்த துரோகம் இதுதான். நாளைக்குக் கல்யாணம். காலையில் எழுந்தவள், "எனக்குக் கடைவீதியில இருக்கிற பெரிய சலூன்லதான் தலை அலங்காரம். இன்னைக்கு ஒருதடவை போட்டுப் பார்க்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

"குழந்தையிலேர்ந்து உன் கைதானேம்மா அவ தலையில பட்டுது? கல்யாண மேடைக்கு மட்டும் இன்னொருத்தி வந்து கொண்டை போடணுமா? உன் முகத்துல முழிக்கவே எனக்குக் கூசுது!" என்று பார்லர்க்காரியிடம் புலம்பினாள் அம்மா.

"விடுங்கக்கா, சின்னப் பொண்ணு. ஆசைப்பட்ட இடத்துக்குப் போகட்டும்" என்றாள் பார்லர்க்காரி, அம்மாவின் நெற்றியில் வழிந்த சாயத்தைப் பஞ்சால் ஒற்றியபடி.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வேறொருத்தியாக இருந்தால் இந்நேரம் கத்தரிக்கோல் பறந்திருக்கும். இவளோ ஏப்ரனுக்குக் கீழே புதுப் பட்டுப்புடவை பளபளக்கச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். நம் வீட்டு விசேஷம் என்றால் அவளுக்கு ஒருநாள் முன்னாலேயே குஷி வந்துவிடுகிறது, பாவம்!

பக்கத்து நாற்காலியில் அப்பா. அவருக்கு மீசைக்கும் சேர்த்துச் சாயம். வாயைத் திறந்தால் பல்லும் கறுத்துவிடும் என்று சொல்லிவைத்திருந்ததால், கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக மனைவி பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருந்தார்.

மூன்றாவது நாற்காலியில் அம்மாவின் தம்பி, பூட்டு மாமா. அந்தப் பெயருக்குக் காரணம் உண்டு. மகள் யாரையோ மனதில் வைத்திருக்கிறாள், பேரைக் கேட்டால் சுவரைப் பார்க்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து, வாசற்கதவுக்குக் குறுக்கே பாய் விரித்துப் படுத்தவர் அவர். எறும்பு வெளியே போவதென்றாலும் காரணம் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும்.

எந்தக் கதவுக்கு எந்தச் சாவி, மாமா எப்போது கண்ணயர்வார் என்பதையெல்லாம் அம்மா வந்து கொட்டியது இந்த நாற்காலியில்தான். தலையை ஒருத்தி கோதிக்கொடுத்தால் யாருக்குத்தான் வாய் நிற்கும்?

"இன்னைக்கும் அவளுக்குத் துணையா போறேன்னுதான் நின்னேன். நீதாம்மா விடலை" என்று பார்லர்க்காரியைப் பார்த்து உறுமினார் மாமா.

"பின்னே? நாளைக்குப் போட்டோவுல எல்லாரும் கருகருன்னு நிக்க, நீங்க மட்டும் பஞ்சுமூட்டை மாதிரி நிப்பீங்களா அண்ணே? மூணு பேரும் சேர்ந்து வந்தா ஒரே கலவையில முடிஞ்சுடும்னுதான் வரச்சொன்னேன்."

"முடியலையே! என் போனையாவது எடு, அவகிட்ட ஒரு வார்த்தை பேசிடறேன்."

"கையெல்லாம் சாயம். போன் பத்திரமா அலமாரியில இருக்கு."

மாமா சட்டென்று எழுந்தார். "அப்ப அலசிவிடு. நேர்ல போய் ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடறேன்."

"ஐயையோ, இப்ப அலசினா தலை ஊதாவாயிடும்! மாப்பிள்ளை வீட்டுல உங்களைக் கத்தரிக்காய்னு கூப்பிடுவாங்க, பரவாயில்லையா?"

கத்தி என்றால் மார்பைக் காட்டுகிற மாமா, கத்தரிக்காய்க்குப் பணிந்து உட்கார்ந்தார். "ம்ம்ம்" என்று மீசை அசையாமல் சிரித்தார் அப்பா.

"இன்னும் எவ்ளோ நேரம்டீம்மா?" என்றாள் அம்மா.

"சாயம் பிடிக்கணும்ல? ஊறட்டும்க்கா."

"உன் பையன் இருந்தா ஆம்பளைங்க தலையையாவது மளமளன்னு முடிச்சிருப்பான். எங்க, ஆளையே காணோம்?"

"இன்னைக்கு ஒருநாள் லீவு வேணும்னான். குடுத்துட்டேன்."

"தங்கமான பையன். நிமிர்ந்து ஒரு பொண்ணைப் பார்க்கமாட்டான். அவனைப் பார்த்துக் கத்துக்கடீன்னு எங்க வீட்டு மகாராணிகிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன்."

"நீங்க சொன்னதை அவ தட்டமாட்டாக்கா."

அம்மா சாயம் படாத புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு அவ மேடை ஏறிட்டான்னா எனக்குப் போன உசுரு திரும்பி வரும். சொந்தக்காரங்ககிட்டகூடச் சொல்லாததை உன்கிட்ட சொல்லி அழுதிருக்கேன். பெத்த பொண்ணே ஏமாத்தலாம், நீ என்னை ஏமாத்தமாட்டே."

பார்லர்க்காரியின் கை ஒரு கணம் அப்படியே நின்றது. அதே நேரம் அவளுடைய போன் அடித்தது.

"ம்... சொல்லுப்பா... கையெழுத்துப் போட்டாச்சா?... சந்தோஷம். வெயில்ல நிக்காம நேரா வீட்டுக்குக் கூட்டிட்டு வா."

"யாரு போன்ல?" என்று கேட்டாள் அம்மா.

"என் பையன்தான்."

பார்லர்க்காரி கையுறையைக் கழற்றினாள். மூன்று நாற்காலிகளையும் ஒருதடவை பார்த்தாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் முதல்முறையாக, அக்கா என்று கூப்பிடாமல், அம்மாவின் தொப்பியை மெல்ல எடுத்துவிட்டுச் சொன்னாள்:

"வாங்க சம்பந்தி, தலையை அலசிடலாம்."