முள் நிற்கும்வரை

காபிக்கு முன். சிறுநீர் கழித்த பின்.

முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். இரண்டு பாதமும் தரையில். கால்மேல் கால் கூடாது.

ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டார். இடது கையை மேஜைமேல், நான்காக மடித்த போர்வையின் மீது வைத்தார். அந்த உயரத்தில்தான் கை நெஞ்சுக்கு நேராக வரும். கண்டுபிடித்தவள் மனைவி தையல்நாயகி. போர்வையை விதவிதமாக மடித்துப் பார்த்து ஒரு காலைப்பொழுதையே அதற்குக் கொடுத்தாள்.

பட்டை வெறும் தோலின்மேல். இனி ஐந்து நிமிடம். பிறகுதான் பொத்தான்.

ஆறு நாட்களாக இப்படித்தான் பிரஷர் பார்க்கிறார். ஆறு நாளும் நூற்றைம்பதுக்கு மேல்.

நாளை நோட்டோடு டாக்டரிடம் போக வேண்டும். இறங்கவில்லை என்றால் அந்த இன்னொரு மாத்திரை.

அந்த மாத்திரையை அவருக்குத் தெரியும். இரண்டு வருடம் முன்பு அதைப் போட்டுக்கொண்டுதான் குளியலறை வாசலில் தலைசுற்றி விழுந்தார்.

அப்போது தூக்குவதற்கு அவள் இருந்தாள். அவள் போய்ச் சேர்ந்து இப்போது இரண்டு மாதம்.

தூக்கியதோடு அவள் விடவில்லை. மெஷின் வாங்கினாள். இருபது நாள் அளந்து எழுதினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பட்டையைச் சுற்ற வந்தபோது கையைத் தடுத்தாள்.

"மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கலம்மா. முள்ளு நிக்கட்டும்."

அந்த மெஷினில் முள்ளே கிடையாது.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். மாத்திரையை நிறுத்தினார்.

"நீங்களும் நர்ஸாம்மா?"

"ரேஷன் கடைங்க."

முப்பது வருடம் எடை போட்டவள். தராசு முள் நடுவில் நிற்காமல் ஒருவர் பையிலும் சர்க்கரையைக் கொட்டியதில்லை. "என்னக்கா, தங்கமா நிறுக்கிறே?" என்று வரிசை கத்தும். அவள் முள்ளை மட்டும் பார்ப்பாள்.

ஒரு குண்டுமணி கூடாது. ஒரு குண்டுமணி குறையாது.

வாசலில் சைக்கிள் நின்றது. பால் போடும் ஜெபமாலை பாக்கெட்டைக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"வீட்டுக்கு யாருங்கய்யா வந்திருக்கா? ஒரு வாரமா காலையில ஒரே பேச்சுச் சத்தமா இருக்கே."

"யாருமில்லையே."

அவள் போய்விட்டாள்.

அவர் எதிர் நாற்காலியைப் பார்த்தார். அதன்மேல் தையல்நாயகியின் கண்ணாடிக் கூடு.

இன்று, பக்கத்து வீட்டுக்காரன் முருங்கையை வெட்டிய கதை பாதியில் நின்றிருந்தது. நேற்று, மகள் போனில் சொன்னது. முந்தாநாள், அரிசி டப்பாவில் எலி.

அவள் இருந்தபோதும் சரியாக இந்த ஐந்து நிமிடத்தில்தான் அவருக்கு ஊர்க்கதையெல்லாம் ஞாபகம் வரும். வாயைத் திறந்தால் ஒரு விரலைத் தன் உதட்டின்மேல் வைப்பாள்.

அவ்வளவுதான்.

இந்த ஆறு நாளும் விரல் வைக்க ஆளில்லை.

வாயை மூடிக்கொண்டார். கடிகாரத்தைப் பார்த்து, ஐந்து நிமிடத்தை முதலிலிருந்து தொடங்கினார்.

மூன்றாவது நிமிடம் கஷ்டமாக இருந்தது.

நான்காவதில் மூச்சு அடங்கியது. ஐந்தாவதில், முள் நின்றது.

பொத்தானை அழுத்தினார். பட்டை கையை இறுக்கிப் பிடித்தது. மெல்ல விட்டது.

நூற்று முப்பத்தாறு.

ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி.

நூற்று முப்பத்திரண்டு.

இரண்டையும் எழுதினார். பழைய ஆறு நாளை அடிக்கவில்லை. அளந்ததை அடிக்கக் கூடாது என்பாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்ன எழுத்தில் சேர்த்தார்: பேசிக்கொண்டிருந்தேன்.

பட்டையைக் கழற்றிச் சுருட்டினார். மெஷினைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

பிறகு எதிர் நாற்காலியைக் கொஞ்சம் அருகே இழுத்துப் போட்டு, முருங்கை மரத்தை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.