விடுப்பில் இருப்பவள்

“என் லீவை ரத்து பண்ணுங்க, சார். புயலுக்கு டூட்டி கொடுங்க.”

மகாதேவன் நிமிர்ந்தான். சிவகாமி சீருடையில், மழை சொட்டச் சொட்ட, மேசைக்கு முன்னால் விறைப்பாக நின்றிருந்தாள். மகாதேவனிடம் போய் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா வாசல்வரை வந்து சொல்லியிருந்தாள். தன் ஊரான ரிவியேர் டு ராம்பாரில் அவள் ஏறிய பஸ் முழுக்க, புயலென்று துணி ஆலையை மூடிவிட்டதால் வீடு திரும்பும் தையல் பெண்கள். இவள் ஒருத்திதான் வீட்டைவிட்டுக் கிளம்பியவள்.

“உன்னை யாரு கூப்பிட்டா?”

“அதைத்தான் நானும் கேக்கறேன். லீவுல இருந்த எல்லாரையும் கூப்பிட்டீங்க. மீன் பிடிக்கப் போன ஜாக்கைப் படகுலேர்ந்தே இறக்கிக் கூட்டிட்டு வந்தீங்க. என்னை மட்டும் ஏன் விட்டீங்க?”

“ஜாக் மீன் பிடிக்க லீவு எடுத்தான். நீ கல்யாணத்துக்கு எடுத்திருக்கே.”

“புயல்னா, லீவு எதுக்குன்னு யாரும் பார்க்கறதில்லை. வரணும், அவ்வளவுதான். சொல்லிக் கொடுத்ததே நீங்கதான்.”

தீவுப் படையின் வானொலி அறைக்குப் பட்டதாரியான அவளை எடுத்தபோது, கரும்பு வெட்டுகிறவன் மகளுக்கு வந்த வாழ்வைப் பார் என்று சிரித்தவர்கள் உண்டு. போன புயலில் அவள் குரலைக் கேட்டுத்தான் கான் தெ மாஸ்க் கிராமத்து ஜனங்கள் பள்ளிக்கூடத்துக்குள் ஒதுங்கினார்கள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. இந்தப் புயலில் வேறொருவன் உட்கார்ந்துவிட்டால் அந்த நாற்காலி இனி அவளுக்கு இல்லை.

“நாளன்னிக்குத் தாலி ஏறணும். நீ பாட்டுக்கு இங்க வந்து உட்கார்ந்தா மாப்பிள்ளை வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“நான் சொல்லிக்கறேன்.”

அவன் குரலைத் தணித்தான். “இதோ பாரு, கல்யாணத்துக்கப்புறம் உனக்கு வானொலி வேண்டாம். சம்பளப் பிரிவுக்கு மாத்தறதா இருக்கு. காலைல வந்தா சாயங்காலம் போயிடலாம்.”

“யார் முடிவு பண்ணினது?”

“மாப்பிள்ளைக்கு அதுதான் விருப்பம்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அவர்.”

“சொல்லுவார். இப்போ வீட்டுக்குப் போ.”

“போகமாட்டேன். லீவுல இருக்கறவங்களைக் கூப்பிடறதும் கூப்பிடாததும் உங்க இஷ்டம். தானா வந்து நிக்கறவங்களைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு அதிகாரம் கிடையாது. தளபதிகிட்ட கேட்டுட்டுத்தான் வரேன். வானொலி அறையில கூட வேலை பார்க்கற கொலெட் எனக்காக நாற்காலியைப் பிடிச்சு வெச்சிருக்கா.”

“அப்புறம் என்கிட்ட எதுக்கு வந்தே?”

“நீங்க என்ன சொல்வீங்கன்னு பார்க்கத்தான்.”

சட்டைக் கையை மேலே தள்ளி, மணிக்கட்டில் கட்டியிருந்த கல்யாணக் காப்பின் முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தாள். ஈரமஞ்சள் கயிற்றை அவன் மேசைமேல் வைத்தாள்.

“நீங்களும் இதே கல்யாண லீவை விட்டுட்டு ஓடி வந்தப்போ உங்களை யாரும் தடுக்கலையே, மாப்பிள்ளை. உங்க கையில இருக்கற காப்பையும் அவிழ்த்துடுங்க” என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வானொலி அறையைப் பார்த்து நடந்தாள்.