எதிரே வைத்த இதயம்

தேர்வறையின் மூலையில், பேச்சு மற்றவர்களுக்குக் கேட்காதபடி ஒதுக்கிப் போட்ட மேசையில், பார்வையில்லாத அக்கா விடை சொல்லச் சொல்ல, தொண்டாக எழுதிக் கொடுக்க வந்த கல்லூரிப் பெண் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஜன்னல் வெயில் அக்காவின் விரல்களில் விழுகிறது. வெறுங்காற்றில் ஓர் இதயத்தை ஏந்தி, மெல்லத் தடவிப் பார்க்கின்றன அந்த விரல்கள். "அசுத்த ரத்தம் இதயத்தோட இடப்பக்கம் வந்து சேருது. எழுதிட்டியாம்மா?" பேனா நின்றுவிடுகிறது. வலப்பக்கம் அல்லவா! தேர்வுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தபோது களிமண்ணில் இதயம் பிடித்து, ஆள் எதிரே நிற்பதுபோல் வைத்து, அக்காவின் கையைப் பிடித்துத் தொட்டுக் காட்டியவள் இந்தப் பெண்தான். எதிரே நிற்பவரின் வலப்பக்கம் நம் இடக்கைப் பக்கம் வரும் என்பதைச் சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை. பார்க்கிறவர்களுக்கு அது சொல்லாமலே தெரிகிற சங்கதி, பாவம். கண்காணிப்பாளர் மேசையருகே வந்து நிற்கிறார். "அவங்க சொல்றதை மட்டும்தான் எழுதணும், ஞாபகம் இருக்கில்ல?" "இருக்கு சார்." அவர் நகர்ந்ததும் அக்கா கிசுகிசுக்கிறாள். "என்ன மகாராணி, தூங்கிட்டீங்களா? இந்தத் தடவையும் பெயிலானா படிப்பை நிறுத்திட்டு அண்ணன் வீட்டுல போய் முடங்க வேண்டியதுதான். இந்தப் பெரிய கேள்விதான் என்னைக் கரையேத்தணும். நீ கையில வச்சுக் காட்டினதாச்சே, தப்புமா?" பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிகிறாள். இடப்பக்கம் என்று எழுதுகிறாள். பேனா தாளில் உரசும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, அக்கா நிம்மதியாகத் தலையாட்டுகிறாள்.