திரையில் துடிக்கும் இதயம்

மழை இருட்டு. ஏழாம் வகுப்பின் ஜன்னல்களைச் சாத்தியிருக்கிறார்கள். தொடுதிரையில் ஆளுயர இதயம் ஒன்று துடித்துக்கொண்டிருக்க, அதன் சிவப்பு வெளிச்சம் முன்வரிசைப் பிள்ளைகளின் முகங்களில் விழுந்து விழுந்து மறைகிறது. அறிவியல் டீச்சர் கூப்பிட, மூன்றாம் பெஞ்சுப் பெண் எழுந்து வருகிறாள். ஒரு வாரமாக வாயே திறக்காத பெண். "ஏதாவது ஒரு வால்வைத் தொடும்மா. அது கெட்டுப்போனா என்ன ஆகும்னு காட்டும்." அவள் யோசிக்காமல் இடப்பக்க வால்வில் விரல் வைக்கிறாள். வால்வு மூடாமல் நிற்க, ரத்தம் வந்த வழியே திரும்புகிறது; துடிப்பு தடுமாறுகிறது. பின்வரிசையில் யாரோ "போச்சுடா!" என்க, வகுப்பே சிரிக்கிறது. அவள் சிரிக்கவில்லை. "எங்கம்மாவுக்கு இதுதான் மிஸ்," என்கிறாள் மெல்ல. "நாளைக்குக் காலையில ஆபரேஷன்." சிரிப்பு அடங்கிப் போகிறது. அவள் திரையைக் காட்டிக் கேட்கிறாள்: "இதை எப்படி மிஸ் சரிபண்றது?" டீச்சர் திரையருகே போய் ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டுப் பார்க்கிறார். இதயத்தைப் பெரிதாக்க முடிகிறது, சுழற்ற முடிகிறது, நிறம்கூட மாற்ற முடிகிறது. சரிசெய்ய மட்டும் வழியில்லை. "மறுபடி முதல்லேர்ந்து போட்டுக்கலாம்மா," என்கிறார். சொன்ன வாய் அவருக்கே சுடுகிறது. அவள் வேண்டாமென்று தலையசைத்து, கசியும் இடத்தின் மேல் உள்ளங்கையை அழுத்திப் பொத்துகிறாள். விரலுக்கு அசைந்த திரை உள்ளங்கைக்கு அசையவில்லை. ரத்தம் அவள் விரலிடுக்கில் ஓடிக்கொண்டேயிருக்கிறது. மணி அடிக்கிறது. திரையை அணைக்கப் போன டீச்சரின் கை சுவிட்சருகே அப்படியே நிற்கிறது.