ஐந்து நட்சத்திர ஆள்

கறிக்கடைக்காரர் கையில் வெட்டுக்கத்தி. முழங்கை வரை ரத்தம். "ஏமாத்தணும்னு மட்டும் நெனச்சே, துண்டு துண்டாப் போட்டுடுவேன்" என்றார்.

எதிரே நின்றவன் ஒல்லி. கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை, மூக்குக்கண்ணாடி. தூக்கி வந்த கறி அரைக்கும் மெஷினைப் பதமாக மேசைமேல் இறக்கி வைத்துவிட்டு, "ஐயோ, ஏன் சார் பயமுறுத்துறீங்க?" என்று சிரித்தான்.

உண்மையில் பயம் கடைக்காரருக்குத்தான். தெருவே அவரை 'யானை' என்று கூப்பிடும். முழு ஆட்டை ஒற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிற ஆள். ஆனால் ஆன்லைன் ஏலத்தில் பொருள் எடுப்பது இதுதான் முதல் தடவை. போனில் விரல் பட்டாலே காசு போய்விடும் என்று நம்புகிற ரகம்.

கடையிலிருந்த மெஷின் உயிரை விட்டிருக்காவிட்டால் அவர் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார். வழிகாட்டியது மச்சினன், மனைவியின் தம்பி. போன வாரம் வீட்டுக்கு வந்தவன் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தான். "கார் கதவுல நசுங்கிடுச்சு" என்று வலது கையில் கட்டுப் போட்டிருந்ததால், இடது கையாலேயே போனைத் தள்ளித் தள்ளிக் காட்டினான்.

"மொதல்ல விக்கிறவரோட ஸ்டாரப் பாக்கணும் மாமா. இவரைப் பாருங்க, வாங்குனவங்க அத்தன பேரும் அஞ்சுக்கு அஞ்சு. முன்பணம் மட்டும் குடுத்துடாதீங்க. பொருளைக் கொண்டுவரச் சொல்லி, ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் காசு. அதுவும் பட்டப்பகல்ல, உங்க கடையிலயே. உங்க எடத்துல வந்து எவன் வாலாட்டுவான்?"

அத்தனை பேரும் ஒற்றை வரியில்தான் பாராட்டியிருந்தார்கள், அதுவும் பிழை பிழையாக. "நம்மள மாதிரி ஆளுங்கதானே எழுதுறாங்க" என்றான் மச்சினன். யானை தலையை ஆட்டிவிட்டு ஏலத்தில் இறங்கியது. போட்டிக்கு ஒரு ஈ காக்காய்கூட வரவில்லை.

இப்போது ஓட்டிப் பார்க்கும் நேரம். ஒல்லி பிளக்கைச் சொருகினான். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பிடி கறியை உள்ளே தள்ளினார். மெஷின் ஒருமுறை உறுமியது, கருகல் வாடை விட்டது, அப்படியே நின்றுவிட்டது.

"இது வேலைக்காகாதுப்பா. தூக்கிட்டுப் போ. ஓட்டை மெஷின்னு நெட்டுலயும் எழுதத்தான் போறேன்."

ஒல்லி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தான். போய் ஷட்டரை இழுத்துவிட்டான். திரும்பி வந்த வேகத்தில் அவர் முழங்காலில் ஓர் உதை. மண்டியிட்டு விழுந்தவர் நிமிர்வதற்குள் எடைக்கல் வாயைப் பதம் பார்த்தது. பல் ஒன்று தெறித்துத் தரையில் உருண்டது.

கடைக்காரரும் சும்மா இருக்கவில்லை. அவன் இடுப்பை வளைத்துப் பிடித்துச் சுவரில் மோதினார். கொக்கியில் தொங்கிய பாதி ஆடு கழன்று இருவர்மேலும் விழுந்தது. ரத்த ஈரத்தில் கால் வழுக்கியது அவருக்குத்தான். கண் திறந்தபோது அவருடைய கத்தியே அவர் தொண்டையில் இருந்தது. வலது கை ஒல்லியின் பிடியில், கறிக்கட்டைமேல்.

"ஆட்டுக்கு இவ்ளோ நேரம் எடுத்துக்க மாட்டீங்கல்ல சார்?" என்றபடி ஒரு விரலைப் பின்பக்கமாக மடக்கினான். மளுக்கென்று ஒடிந்தது. அவர் போட்ட அலறல் தெருமுனை வரை கேட்டிருக்கும். ஆனால் கறிக்கடையில் அலறல் கேட்டால் யார் எட்டிப் பார்க்கிறார்கள்?

அதற்குப் பிறகு எல்லாம் மரியாதையாகவே நடந்தது. கல்லாவில் இருந்த காசை அவனே எடுத்துக்கொண்டான். போனை அவருடைய இடது கையில் கொடுத்தான்.

"அஞ்சு ஸ்டார் போடுங்க சார். ஒரு வரி எழுதுனாப் போதும். வலிக்கும்ல."

பழக்கமில்லாத கை எழுத்துக்கு எழுத்து தடுக்கி விழுந்தது. 'நல்ல மனுசர்' என்று ஒருவழியாக எழுதி முடித்தார்.

"ஏலத்துல பேர் பதியும்போதே வீட்டு அட்ரஸ் நீங்களே குடுத்துட்டீங்க. பொண்ணு ஸ்கூல் விட்டு எந்த வழியா வரும்னு நானே பாத்துக்கிட்டேன். அதனால போலீசுக்கெல்லாம் போக மாட்டீங்க. இன்னும் ஒரே ஒரு உதவி சார். தெரிஞ்சவங்க யாரையாவது எங்கிட்ட வாங்க அனுப்பிவிடுங்க. அனுப்பிட்டா அப்புறம் நான் உங்க பக்கமே வரமாட்டேன். நம்ம யாவாரமே இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் ஓடுது."

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஷட்டரைத் தூக்கிவிட்டு, "வரேன் சார்" என்று போயே போய்விட்டான்.

கறிக்கு வைத்திருந்த ஐஸில் கையைப் புதைத்துக்கொண்டு கடைக்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஓர் ஒல்லிப்பயலிடம் உதை வாங்கியதை எந்த முகத்தோடு வெளியே சொல்வது? விரல் ஷட்டரில் நசுங்கிவிட்டது, பல் வழுக்கி விழுந்ததில் போனது என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். அனுப்புவதற்கு ஓர் ஆளை யோசிக்கத்தான் மனசு கூசியது.

போன் அடித்தது. மச்சினன்.

"மெஷின் வந்துடுச்சு மாப்ளே" என்றார், குரலை இழுத்துப் பிடித்து. "நல்ல மனுசர்."

உடைந்துபோன குரலில் மச்சினன் கேட்டான்:

"எந்த விரல், மாமா?"